நாடாத் தழும்பு

1984ஆம் வருஷம் ஜூன் 19, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிஷம். மேற்கே இருந்து காற்று. சிறுமலை உச்சியில் மேகம் இருந்தது, மழை இல்லை. திண்டுக்கல் பஸ் நிலையத்தில் புழுதி பறந்து கண்ணைத் திறக்க முடியவில்லை. தாலுகா அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் மழைமானியைப் பார்த்து எழுதியவன் நான். ஓய்வு பெற்று ஏழு வருஷமாகியும் வானத்தைப் பற்றி ஒரு வரி எழுதாமல் எனக்கு எந்த நாளும் தொடங்குவதில்லை.

அன்று மதுரைக்குப் பஸ் ஏறியது என் வலது நெற்றிப்பொட்டில் இருந்த ஒரு மருவை டாக்டரிடம் காட்டுவதற்காக. துணைக்கு என் மனைவி வந்தாள். அந்த மரு ஒன்றுமே இல்லை. அவள் இடுப்பில், உள்பாவாடை நாடா அழுந்தும் இடத்தில், பதினான்கு மாதமாக ஆறாத ஒரு புண் இருந்தது. அதுதான் புற்று. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது தெரியாமல், என் மருவைத் தடவியபடி நான் மதுரை வரைக்கும் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடி வைத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

மரு விஷயம் தொடங்கியது ஒரு வாரப் பத்திரிகையால். தோல் புற்றுநோய் பற்றி ஒரு டாக்டர் எழுதியிருந்தார். மச்சமோ மருவோ பெரிதானால், நிறம் மாறினால், ஓரம் கோணலானால், ரத்தம் கசிந்தால் காட்டிவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். நமக்குக் கறுத்த தோல் என்பதால் வெயிலின் கெடுதல் குறைவு, ஆனால் உள்ளங்காலில் வரும் கறுப்புப் புள்ளியைக் கால் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவிக்கொண்டிருக்கக் கூடாது என்றும் இருந்தது. நான் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன். அதில் பாதி நாள் பயிர் பார்க்கவும் வாய்க்கால் பார்க்கவும் தொப்பி இல்லாமல் அலைந்திருக்கிறேன். கண்ணாடி முன்னால் போய் நின்றேன். நெற்றிப்பொட்டில் பழுப்பாக ஒன்று இருந்தது. அன்று மாலையே கவராயமும் அளவுகோலும் எடுத்து அளந்தேன். ஆறு மில்லிமீட்டர். உள்ளங்கால் இரண்டையும் பார்த்தேன். உடம்பு முழுக்க எண்ணியதில் மச்சம் இருபத்தேழு. முதுகில் இருப்பவற்றை மனைவியை எண்ணச் சொன்னேன்.

"முதுகுல ஒம்போது. போதுமா? ஒல கொதிக்குது, நான் போறேன்" என்றாள்.

அந்தக் கட்டுரையை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. உடம்பில் எந்த இடத்திலும் ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் அதையும் காட்ட வேண்டும் என்று. நான் படித்து முடித்ததும் அவள் கத்தியை நிறுத்தினாள்.

"வலிக்காத புண்ணுமா?"

"புண்ணப் பத்தி யாரு கேட்டா? நான் மருவப் பத்திச் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றேன்.

அவள் மறுபடி நறுக்கத் தொடங்கினாள். அது 1983 ஆகஸ்டு. அதன் பிறகு பத்து மாதம், வாரம் இரண்டு தடவை, என் மருவை அளந்து நோட்டில் எழுதினேன். ஒரு நோட்டு முடிந்து இரண்டாவது நோட்டு போட்டேன்.

இனி சாவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஏழு பூட்டு. நான் வேலையில் இருந்த காலத்தில் எதிர்வீட்டில் ஒரு பித்தளை அண்டா திருடு போனது. எங்கள் வீட்டில் ஒரு கரண்டிகூடப் போகவில்லை. ஆனால் நான் அடுத்த வாரமே பட்டறைக்குப் போய் ஏழு பூட்டு சொல்லிச் செய்து வாங்கினேன். வாசலுக்கு, கொல்லைக்கு, அரிசி அறைக்கு, அலமாரிக்கு, பெட்டிக்கு, மாடிக் கதவுக்கு, குளியலறைக்கு வெளியே விறகு வைக்கும் இடத்துக்கு. ஒன்றின் சாவி இன்னொன்றில் நுழையாது. ஒவ்வொரு சாவியும் நடுவிரல் நீளம், சுத்த இரும்பு. ஏழையும் வளையத்தோடு சேர்த்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், நானூற்றுப் பத்து கிராம். அந்தக் கொத்து அவள் இடுப்பில் இருந்து இறங்கக் கூடாது என்பது என் உத்தரவு. குளிக்கும்போது மட்டும் குளியலறை ஆணியில் தொங்கலாம்.

அவள் அதை இடது இடுப்பில், நாடாவுக்குள் கொக்கியைச் செருகி வைத்திருப்பாள். கனம் நாடாவைக் கீழே இழுக்கும். இழுக்காமல் இருக்க அவள் நாடாவை இன்னும் இறுக்கிக் கட்டுவாள். இது எனக்கு அப்போது தெரியாது. ஒரு தடவை மட்டும், 1983இன் கடைசியில், மூன்று நாள் கொத்து வலது பக்கம் மாறியிருந்தது.

"என்ன, பக்கம் மாறிருச்சு?" என்று கேட்டேன்.

"சும்மாதான். கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் இருக்கட்டுமே."

"வலது பக்கம்னா முந்தானை மறைச்சிரும். இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நான்காம் நாள் கொத்து இடது பக்கத்துக்கே வந்துவிட்டது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அந்த ஜூன் மாதம் மரு எட்டு மில்லிமீட்டரைத் தொட்டது. அதனால்தான் மதுரை. பஸ்ஸில் அவள் நடந்து வரும்போது கொத்து கலகலவென்றது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பெருசு, ஆத்தா நடந்தா தேரு வாரது மாதிரியில்ல சத்தம் கேக்குது! சாவிய வீட்ல வச்சிட்டு வரக்கூடாதா?"

"வீட்டையே கையோட கொண்டாரச் சொல்லிட்டாருப்பு" என்றாள் அவள். நாலு பேர் சிரித்தார்கள். நான் டிக்கெட்டை இரண்டு தடவை எண்ணிப் பையில் வைத்தேன். கொடை ரோட்டில் நிலக்கோட்டைப் பூக்கூடைகள் ஏறின. ஒரு கூடைக்காரர் இடம் தேடி நெருக்கியபோது கூடையின் விளிம்பு அவள் இடது பக்கம் இடித்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கூட்டம் என்று நினைத்தேன்.

தோல் டாக்டர் ஒரு பெண். என் மகளைவிட நாலு வயது சின்னவளாக இருப்பாள். வாசலில் பெயர்ப் பலகையைப் பார்த்ததுமே எனக்கு மனசு சுருங்கியது. இந்த வயதில் இந்தப் பெண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று மனைவியிடம் முணுமுணுத்தேன். எங்கள் டோக்கன் பதினேழு. இரண்டு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்த பிறகு கூப்பிட்டார்கள். இரண்டு நோட்டையும் மேஜையில் வைத்தேன். டாக்டரம்மா அவற்றைத் திறக்கவில்லை. மருவை விரலால் தொட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"இது வயசானா வர்ற மரு ஐயா. மேல ஒட்டி வச்ச மாதிரி இருக்கு பாருங்க. இது ஒண்ணும் செய்யாது."

"ஆறு மில்லிமீட்டர் எட்டாயிருச்சு, டாக்டரம்மா."

"எட்டு பத்தானாலும் ஒண்ணும் செய்யாது."

"ஓரம்கூடக் கொஞ்சம் கோணலா..."

"நீங்க தெனம் தடவித் தடவிப் பார்த்தா கோணலாத்தான் ஆகும்."

என் மனைவி சிரித்துவிட்டாள். "ரெண்டு நோட்டு வீணாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். எழுந்தவள் சட்டென்று இடது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா அவளையே பார்த்தார். சேலையில், சாவிக்கொத்துக்குக் கீழே, கால் ரூபாய் அகலத்துக்குக் கறையாக ஒன்று இருந்தது. எனக்கு அது வெற்றிலைக் கறை மாதிரிதான் பட்டது.

"அம்மா, அங்க என்ன?"

"ஒண்ணுமில்ல தாயி. நாடா கட்டுற எடம். எல்லாப் பொம்பளைக்கும் இருக்கிறதுதான்."

டாக்டரம்மா என்னை வெளியே போகச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஆயா கதவைத் திறந்து வந்து சாவிக்கொத்தை என் மடியில் வைத்தாள். "இதப் பிடிங்க பெரியவரே. இம்புட்டுக் கனத்தையா அந்த ஆத்தா சொமந்துக்கிட்டுத் திரிஞ்சுச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். முப்பத்தைந்து நிமிஷம் அது என் மடியில் இருந்தது. வாங்கியதில் இருந்து அவ்வளவு நேரம் நான் அதை வைத்திருந்ததில்லை. பத்தாவது நிமிஷத்தில் தொடை மரத்துப்போய் இடம் மாற்றி வைத்தேன்.

பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா துணியை விலக்கிக் காட்டினார். இடுப்பைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு நாடா போட்ட கோடு. சில இடம் கறுத்துத் தடித்திருந்தது, சில இடம் வெளுத்துச் செதிள் செதிளாக இருந்தது. இடது பக்கம், கொத்து தொங்கும் இடத்தில், புண். பழைய எட்டணா அளவு. ஓரம் சுற்றிலும் மேடாக, சுருட்டி வைத்த மாதிரி, தொட்டால் கெட்டியாக. நடுவில் சிவந்த சதை. டாக்டரம்மா பஞ்சால் லேசாகத் துடைத்தார், ரத்தம் வந்தது.

"எத்தன நாளா இருக்கு?"

"போன வருசம் சித்திரைத் திருவிழா கழிஞ்சு" என்றாள் அவள்.

மனசுக்குள் எண்ணினேன். பதினான்கு மாதம்.

முதலில் அரிப்புத்தான் இருந்ததாம். படை என்று நினைத்து மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போட்டிருக்கிறாள். பிறகு கடையில் படைக் களிம்பு மூன்று டப்பா வாங்கியிருக்கிறாள். ஈரம் கசியாமல் இருக்க முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவியிருக்கிறாள். "ராவுல அவுத்துப் போட்டுட்டுப் படுத்தா மூடின மாதிரி இருக்கும் தாயி. காலையில நாடாவக் கட்டினதும் தெறந்துக்கிரும்" என்றாள். வலி இல்லாததால் பெரிதாக நினைக்கவில்லையாம். வலி கடைசி இரண்டு மாதமாகத்தான்.

டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் பொறுமையாகச் சொன்னார். ஒரே இடத்தில் வருஷக்கணக்காக இறுக்கிக் கட்டினால் தோல் முதலில் கறுக்கும், தடிக்கும், பிறகு நிறம் போகும். முக்கால்வாசிப் பேருக்கு அதோடு நின்றுவிடும். சிலருக்கு அதிலேயே புண் வந்து, ஆறி, மறுபடி வந்து, கடைசியில் ஆறாமலே போகும். அப்படி ஆறாத புண்ணில் புற்று வரலாம். வேட்டியை இறுக்கிக் கட்டுகிற ஆண்களுக்கும் வரும். பழைய தீக்காயத் தழும்பில் வருவதும் இதே மாதிரிதான். நான் என் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். எனக்கும் கோடு இருந்தது. அதை அந்த நேரத்தில் சொல்ல வெட்கமாக இருந்தது.

கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் சாவிக்கொத்து என் பையில் இருந்தது. பஸ் வாடிப்பட்டி தாண்டியது.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னேனே."

"எப்ப?"

"வலிக்காத புண்ணுமான்னு கேட்டேனே, அவரைக்கா நறுக்குறப்ப."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளே சொன்னாள்:

"அப்பறமும் சொல்லலாம்னுதான் நெனச்சேன். ஒங்க மருவுக்கே ரெண்டு நோட்டு ஆச்சு. இதையும் சொன்னா மூணாவது நோட்டு வாங்கியாந்து, கவராயத்த எடுத்துக்கிட்டு எம் பின்னாடியே திரிவீங்க. ஆம்பளக் கம்பவுண்டர் முன்னால அவுத்துக் காட்டுன்னு இழுத்துக்கிட்டுப் போவீங்க. அதுக்குப் புண்ணே தேவலைன்னு இருந்துட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள். நான் இத்தனை வருஷம் கவலைப்பட்டதெல்லாம் குடும்பத்துக்குக் காவல் என்று நினைத்திருந்தேன். என் கவலைக்குப் பயந்து ஒருத்தி ரத்தத்தை மறைத்துக்கொண்டு திரிவாள் என்று தோன்றியதே இல்லை.

அந்த ஒன்பது நாளும் வானிலை எழுதவில்லை. சாவிக்கொத்து சமையலறை ஆணியில் தொங்கியது. அவள் பாவாடையைத் தோளில் இருந்து இரண்டு பட்டை வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள், டாக்டரம்மா சொன்ன யோசனை. "பள்ளிக்கூடத்துப் பிள்ள மாதிரி இருக்கேன்ல?" என்று கேட்டாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

முடிவு, புற்றுதான் என்று வந்தது. தொடை இடுக்கில் கட்டி எதுவும் பரவி இருக்கவில்லை, அது நல்லது என்றார் டாக்டரம்மா. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஜூலை 9, திங்கட்கிழமை, மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். புண்ணையும் சுற்றி ஒரு விரல் நல்ல சதையையும் சேர்த்து எடுத்து, தொடையில் இருந்து தோலை உரித்து அங்கே ஒட்டினார்கள். உள்ளே ஒரு மணி நாற்பது நிமிஷம். பன்னிரண்டு நாள் படுக்கை.

நெய்க்காரப்பட்டியில் கட்டிக் கொடுத்த எங்கள் மகள் மூன்றாம் நாள் வந்தாள். போன பத்து வருஷத்தில் அவள் பேச்சு அந்தப் பக்கத்துப் பேச்சாகிவிட்டது.

"ஏனுங்கப்பா, இத்தன நாளா அம்மாவ இப்புடி உட்டுட்டு என்னதானுங்க பண்ணுனீங்க?" என்று அழுதாள்.

"மருவ அளந்துக்கிட்டிருந்தாருங்க" என்றாள் மனைவி, படுத்தபடியே, மகளின் குரலிலேயே. பிறகு, "கிட்ட வாடி" என்று மகளைக் கூப்பிட்டு, என்னை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, மகளின் இடுப்பைப் பார்த்தாள். "பாத்தியா, ஒனக்கும் கோடு விழுந்துருச்சு. நாடாவத் தூக்கி எறிஞ்சுட்டு நாலு விரக்கடைக்குத் துணிப்பட்டை வச்சுத் தச்சுக்க. ஒரு நாள் மேல கட்டு, ஒரு நாள் எறக்கிக் கட்டு. இறுக்காத."

"எங்க மாமியாளுக்கும் இருக்குதுங்கம்மா, வெள்ளையா."

"அவுகளக் கூட்டிக்கிட்டுப் போயி ஒரு பொம்பள டாக்டர்கிட்டக் காட்டு. மொதல்ல அதச் செய்யி."

அதற்குள் பக்கத்துக் கட்டிலில் பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்திருந்த அம்மாள் எழுந்து குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். திரும்பி வந்து, "எனக்கும் கறுப்பா இருக்குக்கா. ஆனா புண்ணு இல்ல" என்றாள். அந்தப் பன்னிரண்டு நாளில் அந்த வார்டில் எத்தனை பெண்கள் அப்படிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்பதை நான் எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஏழு பூட்டில் ஐந்தைக் கழற்றினேன். கழற்றும்போது அவள் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அரிசி அறைக்காவது இருக்கட்டும், எலி வரும்" என்றாள். "எலி பூட்டைத் தெறக்காது" என்றேன். வாசலுக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று, இரண்டு சாவி. அவை என் சட்டைப்பையில் இருக்கின்றன. அந்தக் கனமே தோளை இழுக்கிறது.

முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்று மதுரைக்குப் போய்க் காட்டினோம். ஒட்டிய தோல் அவள் தோலின் நிறத்தில் இல்லை, கொஞ்சம் வெளிறி, சுருங்கி, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பார், தொடை இடுக்கை அழுத்திப் பார்ப்பார். மாதப் பிறப்பன்று வீட்டில் நானும் பார்க்கிறேன், அளவுகோல் இல்லாமல். "பாத்தாச்சுல்ல, போங்க" என்று துணியை இழுத்துக்கொள்வாள். என் வேட்டியையும் இப்போது தளர்த்திக் கட்டி மேலே அகலமான பெல்ட் போடுகிறேன். தெருவில் இரண்டு தடவை அவிழ்ந்து சிரிப்பாகிவிட்டது.

போன வாரம், 1987 ஜூலையில், இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று டாக்டரம்மா சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் மனைவி கேட்டாள்.

"எல்லாத்துக்கும் சேத்து எம்புட்டு ஆச்சு? எழுதி வச்சிருப்பீங்களே."

"எதுக்கு இப்ப?"

"சும்மா சொல்லுங்க. என் இடுப்பு என்ன வெலைன்னு தெரிஞ்சுக்கிறேன்."

எழுதித்தான் வைத்திருந்தேன், மருவுக்கு வாங்கிய இரண்டாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில். அவள் வாங்கிய மூன்று டப்பா களிம்பில் தொடங்கி அன்றைய பஸ் டிக்கெட் வரை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு ரூபாய் முப்பத்தைந்து காசு. கழற்றிய பூட்டுகளையும் சாவிகளையும் எடைக்குப் போட்டதில் வந்த நாற்பத்திரண்டு ரூபாயைக் கழித்துச் சொன்னேன்: இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்கு ரூபாய் முப்பத்தைந்து காசு.